மைன்ஸர் ஃப்ராக்டூர்: மீட்டது எதை?

பழைய ஈய எழுத்து ஒன்றைக் கணினிக்குக் கொண்டுவருவதை எங்கள் தொழிலில் மீட்பு என்கிறோம். வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். நன்றாக அச்சான மாதிரிப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெரிதாக ஸ்கேன் செய்து, மை கசிந்த ஓரங்களை ஒதுக்கி, அடியில் இருந்திருக்கக்கூடிய வடிவத்தை ஊகித்து வரைந்து, இடைவெளி வைத்து, பெயர் சூட்டி வெளியிடுவது. கராமாண்ட், பாஸ்கர்வில் போன்ற ரோமன் எழுத்துகளுக்கு இது ஏறக்குறையப் போதும். அவற்றைக் கோக்கும் விதம் இரண்டு நூற்றாண்டுகளாக அதிகம் மாறவில்லை. வடிவத்தைச் சரியாக வரைந்துவிட்டால் மீதியை இன்றைய அச்சுக்கோப்பவரின் பழக்கமே பார்த்துக்கொள்ளும். ஜெர்மானியரின் ஃப்ராக்டூர் இந்த முறைக்குப் பிடிகொடுப்பதில்லை. கார்ல் ஆல்பர்ட் ஃபாரன்வால்ட் 1901இல் வடிவமைத்து, பெர்தோல்ட் வார்ப்பகம் விற்ற மைன்ஸர் ஃப்ராக்டூரை மனத்தில் வைத்து இதைச் சொல்கிறேன். அதன் வடிவங்களை மட்டும் வரைந்தால் பாதி எழுத்துருதான் கைக்கு வரும். மறுபாதி கோக்கும் விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளை அறிந்த கைகள் போய்விட்டன என்பதால், அவற்றை எழுத்துருவுக்குள்ளேயே எழுதி வைத்தாக வேண்டும். அதைச் செய்யாத வேலையை நகல் என்று சொல்லலாம், மீட்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிளாக்லெட்டர் என்பது ஒரு குடும்பப் பெயர். 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சிட்டு முடித்த 42 வரி பைபிளில் இருப்பது டெக்ஸ்டுரா என்ற கிளை. லத்தீன் மொழிக்கு இருபத்துச் சொச்சம் எழுத்துகள்தான் தேவை. குட்டன்பர்க்கோ, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, நிறுத்தக் குறிகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 290 அச்சுகளை வார்த்துக்கொண்டார். ஒரே எழுத்துக்கு அகன்றது ஒன்று, ஒடுங்கியது ஒன்று, பக்கத்து எழுத்தோடு ஒட்டியது ஒன்று, மேலே கோடிட்ட சுருக்கம் ஒன்று என்று வைத்திருந்தார். வரிகள் எல்லாம் ஒரே அகலத்தில் முடிய வேண்டும், நடுவில் பொத்தல் விழுந்தாற்போல வெள்ளை தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனையும். அதாவது இந்தக் குடும்பத்தின் மூத்த எழுத்தே கோக்கும் முறையோடு சேர்ந்துதான் பிறந்தது. அடுத்து வந்த ஷ்வாபாகர் சற்று உருண்டது, பேச்சுமொழிக்கு நெருக்கமானது. லூதரின் 1522ஆம் ஆண்டுப் புதிய ஏற்பாடு விட்டன்பர்க்கில் அதில்தான் அச்சானது. ஃப்ராக்டூர் அரண்மனையிலிருந்து வந்தது. பேரரசர் முதலாம் மாக்சிமிலியனுக்காக 1513இல் அச்சான பிரார்த்தனை நூலிலும், 1517இல் வந்த தாயர்டாங்க் என்ற காவியத்திலும் அதன் தொடக்கத்தைப் பார்க்கலாம். பெரிய எழுத்துகளின் இடப்பக்கத்தில் நெளிந்து இறங்கும் வளைவு அதன் அடையாளம். ஜெர்மன் அச்சுக்காரர்கள் அதை யானைத் தும்பிக்கை என்பார்கள். பழைய லை, ளை, னை எழுத்துகளோடு வளர்ந்த தமிழ் அச்சுக்காரருக்கு அந்தப் பெயர் சட்டென்று பிடித்துப்போகும்.

விதிகளுக்கு வருவோம். ஃப்ராக்டூரில் சின்ன எஸ் இரண்டு. ஒன்று நீண்டது, எஃப் என்று கண்ணை ஏமாற்றும் அளவுக்கு நிமிர்ந்து நிற்பது. மற்றது வட்டமானது. சொல்லின் முதலிலும் நடுவிலும் நீண்டது, கடைசியில் வட்டமானது. விதி இத்தோடு நின்றால் பத்து வரி நிரலில் முடித்துவிடலாம். ஆனால் ஜெர்மன், சொற்களைச் சேர்த்துச் சேர்த்து நீட்டும் மொழி. தொகையின் உள்ளே ஓர் உறுப்பு முடிந்தாலும் அங்கே வட்ட எஸ்தான் வர வேண்டும். காவலர் அறையைச் சொல்லும் 'வாஹ்-ஷ்டூபெ', மெழுகுக் குழாயைச் சொல்லும் 'வாக்ஸ்-டூபெ' இரண்டுக்கும் ரோமன் எழுத்தில் எழுத்துக்கூட்டு ஒன்றே. எந்தப் பொருள் என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். ஃப்ராக்டூரில் முதலதில் நீண்ட எஸ், இரண்டாவதில் வட்ட எஸ். பார்த்தவுடனே சொல் எங்கே பிரிகிறது என்று தெரிந்துவிடும். எழுத்து இங்கே இலக்கணத்தையும் சுமக்கிறது. சொற்பிரிப்பு அறியாத ஒரு நிரல், பட்டியலின் துணை இல்லாமல், இதைச் சரியாகச் செய்ய வழியே இல்லை.

இரண்டாவது விதி அழுத்தம் பற்றியது. ஃப்ராக்டூருக்கு இட்டாலிக் கிடையாது. ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமானால் எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் துண்டுகளைச் செருகிச் சொல்லை அகட்டுவார்கள். அப்படி அகட்டும்போதும் சில இணைகள் பிரியக் கூடாது: சி-எச், சி-கே, டி-இசட், நீண்ட எஸ்ஸோடு டி. இரவைக் குறிக்கும் 'நாஹ்ட்' என்ற சொல்லில் ஐந்து எழுத்துகள். அகட்டினால் நான்கு துண்டுகள்தான் தெரியும், ஏனென்றால் நடுவில் உள்ள சியும் எச்சும் ஒட்டியபடியே நிற்கும். எஃப்-ஐ, எஃப்-எல் போன்ற மற்றக் கூட்டெழுத்துகளோ அகட்டும்போது பிரிந்துவிட வேண்டும். இதோடு இன்னும் சில உண்டு. ஜெர்மன் நூலுக்குள் லத்தீன் மேற்கோளோ பிரெஞ்சுச் சொல்லோ வந்தால் அது மட்டும் ரோமன் எழுத்தில் கோக்கப்படும். முழுச் சொல்லையும் பெரிய எழுத்தில் கோப்பது கிடையவே கிடையாது; தும்பிக்கைகள் வரிசையாக நின்றால் ஒன்றும் வாசிக்க முடியாது. இன்று டி-சர்ட்டிலும் தோளில் குத்திய பச்சையிலும் முழுப் பெரிய எழுத்தில் வரும் பிளாக்லெட்டரைப் பார்த்தால் பழைய கம்போசிட்டர் ஒருவர் தலையில் கைவைத்திருப்பார்.

இந்த விதிகளை அவர் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்கு எதிரே சாய்ந்திருந்த எழுத்துக் கேஸே பாடம் நடத்தியது. நீண்ட எஸ்ஸுக்கு ஓர் அறை, வட்ட எஸ்ஸுக்கு வேறோர் அறை, சி-எச் ஒரே ஈயத் துண்டாக மற்றோர் அறையில். கை அங்கே போனால் விதி நிறைவேறியது. ஒரே துண்டாக வார்த்த சி-எச்சைப் பிரிக்க நினைத்தாலும் பிரிக்க முடியாது. பிறகு ஒளியச்சுக் கோப்பும் அதற்குப் பின் கணினி விசைப்பலகையும் வந்தன. அறைகள் போயின, அவற்றோடு பாடமும் போயிற்று. மைன்ஸர் ஃப்ராக்டூர் போன்ற ஓர் எழுத்து வழக்கொழிந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: வடிவம் மாதிரிப் புத்தகங்களில் பத்திரமாக இருக்கிறது, செய்கை தொலைந்துவிட்டது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். ஃப்ராக்டூர் தானாகவா தொலைந்தது, அரசாணை போட்டல்லவா ஒழித்தார்கள் என்பார்கள். 1941 ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் மார்ட்டின் போர்மன் கையொப்பத்தில் ஒரு சுற்றறிக்கை போனது உண்மை. கோதிக் எழுத்து எனப்படுவது ஷ்வாபாகர் யூத எழுத்து என்றும், இனி ரோமன் எழுத்தே வழக்கமான எழுத்து என்றும் அது சொன்னது. ஷ்வாபாகரை யூதர்களோடு முடிச்சுப் போட ஒரு சான்றும் கிடையாது. அந்தத் தாளின் தலைப்பில் கட்சியின் பெயரே பிளாக்லெட்டரில்தான் அச்சாகியிருந்தது. அதைத் தட்டச்சிட்ட யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை போலிருக்கிறது. கைப்பற்றிய நாடுகளில் யாருக்கும் படிக்க வராத எழுத்தில் ஆணை போட்டு என்ன பயன் என்பதே நடைமுறைக் காரணம். ஆனால் ஆணை ஒன்றே காரணமென்றால், அது செல்லாத இடங்களில் எழுத்து பிழைத்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் நோயெ சூர்ஹர் சைட்டுங் நாளிதழ், எந்த ஜெர்மன் ஆணைக்கும் கட்டுப்படாதது, 1946இல் தானாகவே ரோமனுக்கு மாறியது. டென்மார்க்கும் நார்வேயும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே விட்டுவிட்டன. ஜெர்மனிக்குள்ளும் சண்டை பழையது. 1911இல் ரோமன் எழுத்துக்குச் சம இடம் கேட்ட கோரிக்கை நாடாளுமன்றம் வரை போய்த் தோற்றது. மறுபக்கம், அமெரிக்காவின் ஆமிஷ் சமூகத்தார் தங்கள் பழைய பாட்டுப் புத்தகத்தை இன்றும் ஃப்ராக்டூரில்தான் அச்சிட்டுக்கொள்கிறார்கள். படிக்கும் பழக்கம் அறாத இடத்தில் எழுத்தும் அறவில்லை. ஆணை அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் வெட்டியது, அது பெரிய வெட்டுதான்; ஆனால் வெட்டு விழுமுன்பே மரம் பல பக்கம் காய்ந்திருந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. இது நாஜிகளின் எழுத்து, இதை ஏன் மீட்க வேண்டும்? 1941 ஆணையைக் காட்டி, அவர்களே தடை செய்தார்கள், ஆகவே கறை இல்லை என்று சிலர் சுலபமாகத் தப்பிக்கிறார்கள். அந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. 1933க்கும் 1941க்கும் இடையில் சுவரொட்டியிலும் அறிவிப்புப் பலகையிலும் இந்த எழுத்தை அவர்கள் வேண்டிய மட்டும் பயன்படுத்தினார்கள். எலமென்ட், டானன்பர்க், நேஷனல் என்று அந்தச் சில ஆண்டுகளில் வரிசையாக வந்த எழுத்துருக்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். தும்பிக்கை இல்லை, மயிரிழைக் கோடுகள் இல்லை, வளைவெல்லாம் செதுக்கித் தள்ளப்பட்டு, நேர்க்குச்சிகள் விறைப்பாக அணிவகுத்து நிற்கும். அச்சுக்கோப்பவர்களே அவற்றுக்கு பூட்ஸ் போட்ட எழுத்து என்று கேலிப்பெயர் வைத்தார்கள். பழைய எழுத்தின் தோரணையை மட்டும் எடுத்துக்கொண்ட வேலை அது. தோரணையை மட்டும் எடுத்தால் யாருக்கும் எதற்கும் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓஃபன்பாகில் எழுத்து வடிவமைப்பாளர் ருடோல்ஃப் கோஹிடம் தொழில் பழகிய பெர்தோல்ட் வோல்பெ ஒரு யூதர். 1935இல் நாட்டைவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். ஆல்பர்டஸ் எழுத்துருவும், ஃபேபர் பதிப்பகத்துக்கு அவர் எழுதிய மேலட்டைகளும்தான் அவரை உலகத்துக்குத் தெரியவைத்தன. ஆனால் லண்டனுக்கு வந்த புதிதில், 1930களின் பிற்பகுதியில், மோனோடைப் நிறுவனத்துக்காக அவர் சாக்ஸன்வால்ட் என்ற பிளாக்லெட்டர் ஒன்றையும் வரைந்தார். துரத்தப்பட்ட மனிதர் தன் குருவிடம் கற்ற எழுத்தைத் துரத்தியவர்களிடம் விட்டுவிட்டு வரவில்லை. பூட்ஸ் எழுத்துகளைப் போலவே அதுவும் எளிமையை நாடியது. ஆனால் அகன்ற பேனாவின் இழுப்பு ஒவ்வொரு குச்சியிலும் உயிரோடு இருக்கும். மோனோடைப் 2017இல் வோல்பெயின் எழுத்துகளைத் தொகுத்துக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, தோஷி ஓமகாரியின் கையால் சாக்ஸன்வால்டும் திரும்பி வந்தது. இதைச் சொல்வதால் கறை கழுவப்பட்டுவிடாது. தெருவில் அந்த எழுத்தைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தால் அவரோடு வரலாறு பேசி வாதாட நான் மாட்டேன். ஐந்நூறு ஆண்டு ஜெர்மன் அச்சை எட்டாண்டுக் கட்சிக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதற்கும் நான் உடன்பட மாட்டேன்.

இனி மைன்ஸரை மீட்ட கதை. அது அழகுக்குப் பேர்போன எழுத்தன்று. கோஹின் எழுத்துகளில் உள்ள கைவண்ணம் அதில் இல்லை. நாவலும் பாடப்புத்தகமும் கோக்க உதவும் அன்றாட எழுத்து. என் கணக்கில் அதுவே அதன் தகுதி. இன்று பீர் பாட்டிலிலும் விடுதிப் பலகையிலும் நாம் காண்பது பெரும்பாலும் ஃபெட்டெ ஃப்ராக்டூர், 1850இல் விளம்பரத்துக்கென்று யோஹான் கிறிஸ்டியன் பவுவர் தடிக்க வெட்டியது. அதை மட்டுமே பார்த்தவர்கள் பிளாக்லெட்டர் என்றாலே கனத்த கறுப்பு என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க வாசிக்க வெட்டிய ஃப்ராக்டூர் இளஞ்சாம்பல் நிறத்தில் சீராகப் படர்ந்திருக்கும் என்பதை மைன்ஸர் போன்ற ஒன்றுதான் காட்ட முடியும்.

1990களில் வந்த கணினி ஃப்ராக்டூர்களில் பலவற்றில் கூட்டெழுத்துகள் இருந்தன. ஆனால் அவற்றை எங்கே வைப்பது என்ற சிக்கல் இருந்தது. யூனிகோடில் நீண்ட எஸ்ஸுக்கு இடம் உண்டு, சி-எச் இணைக்குத் தனியிடம் கிடையாது. எனவே பயன்படாத குறிகளின் விசைகளில் அவற்றைச் செருகி வைத்தார்கள். எழுத்துருவை மாற்றினால் பக்கம் முழுக்கக் குப்பை. பாமினியில் தட்டச்சிட்ட கடிதத்தை வேறு எழுத்துருவில் திறந்து பார்த்த தமிழர் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் யானிஸ் ஹராலம்பூஸ் 1991லேயே நல்ல வழி காட்டியிருந்தார்: உரை சாதாரண எழுத்தில் இருக்கட்டும், கூட்டுவதை நிரல் பார்த்துக்கொள்ளட்டும். மைன்ஸரின் வடிவங்களை முதலில் வரைந்து இலவசமாகக் கொடுத்தவர் பீட்டர் வீகல். அந்த வடிவங்களை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, ஓபன்டைப் போன்ற நுட்பங்களால் விதிகளை ஏற்றியது யூனிஃப்ராக்டூர் மகுன்ட்சியா என்ற எழுத்துரு. புதிதாக வரைந்தது கொஞ்சம், எழுதிய விதிகள் நிறைய. நான் சொல்லிவரும் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. இணைய உலாவியில் எழுத்திடைவெளியைக் கூட்டினால், உலாவி வழக்கமான கூட்டெழுத்துகளைத் தானே பிரித்துவிடும். யூனிஃப்ராக்டூர் தன் கூட்டெழுத்துகளை இரண்டாக வகுத்திருக்கிறது: பிரியக் கூடாதவை ஒரு வகை, பிரியலாம் என்பவை மற்றொரு வகை. 'நாஹ்ட்' என்று அடித்து அகட்டினால் சியும் எச்சும் ஒட்டியே நிற்கின்றன. எஃப்-எல் வரும் சொல்லை அகட்டினால் இரண்டும் விலகுகின்றன. கேஸில் இருந்த அறை எழுத்துருக் கோப்புக்குள் குடிவந்துவிட்டது.

யார் படிக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். கே என்ற எழுத்து டி போலவும், பெரிய ஏ யூ போலவும் தெரியும் எழுத்தை வைத்து இன்று நாளிதழ் நடத்த முடியாது. ஃப்ராங்க்ஃபுர்ட்டர் அல்கெமைனெ தன் கருத்துரைகளின் தலைப்புகளில் வைத்திருந்த கடைசி ஃப்ராக்டூரையும் 2007இல் எடுத்துவிட்டது, முகப்புப் பெயர் மட்டும் மிச்சம். நாளிதழுக்காக யாரும் இதை மீட்கவில்லை. அச்சில் கிடக்கும் ஐந்நூறு ஆண்டுகளைப் படிக்க ஆட்கள் வேண்டும், அவர்களில் தமிழரும் உண்டு. தரங்கம்பாடி மிஷனுக்காக ஜெர்மனியின் ஹாலெ நகரில் தமிழ் எழுத்துகள் வெட்டப்பட்டன. அவை பெரிதாக இருந்து தாளைத் தின்றதால், சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்க்க வேண்டி வந்தது. அங்கே இருந்த மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய செய்திகளைத் தாங்கி ஹாலெயில் பல்லாண்டுகள் வெளிவந்த அறிக்கைகள் ஃப்ராக்டூரில் அச்சானவை. தமிழ் அச்சு வரலாற்றை மூலத்திலிருந்து ஆராய விரும்புகிறவர் நீண்ட எஸ்ஸைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

மனிதக் கண்ணுக்கு முன்பாக இப்போது இயந்திரக் கண் அந்தப் பக்கங்களுக்குப் போகிறது. ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெஸரக்ட் என்ற இலவச மென்பொருளை, எழுத்துருக்களால் செயற்கையாகக் கோத்த பக்கங்களைக் காட்டித்தான் பெரும்பாலும் பழக்குகிறார்கள். அதன் ஃப்ராக்டூர் பட்டியலில் வால்பாம் ஃப்ராக்டூரோடு யூனிஃப்ராக்டூர் மகுன்ட்சியாவும் இருக்கிறது. விதி இல்லாத எழுத்துருவில், எல்லா இடத்திலும் வட்ட எஸ் போட்டுக் கோத்த பக்கங்களைக் காட்டிப் பழக்கினால், இயந்திரம் உண்மையான பழைய பக்கத்தில் நீண்ட எஸ்ஸைப் பார்த்ததும் எஃப் என்று படிக்கும். பழைய நூல்களின் இணையப் பிரதிகளில் அப்படிப்பட்ட எஃப்கள் மலிந்திருப்பதைத் தேடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். நீண்ட எஸ் இட்டால் உரையில் தேடும்போது சொல் அகப்படாதே என்று கணினிக்காரர்கள் கேட்பதுண்டு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராமல் தேடும்போது நீண்ட எஸ்ஸைச் சாதாரண எஸ்ஸாகவே கொள்ள யூனிகோட் விதியே வழிசெய்கிறது. அந்த விதியை முழுமையாகப் பின்பற்றாத மென்பொருள்தான் தடுமாறும்.

மைன்ஸரில் இன்னும் ஏறாமல் நிற்பது அளவு பற்றிய அறிவு. ஈயத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக வெட்டினார்கள். சின்ன அளவில் மயிரிழைகள் தடிக்கும், உள்வெளி அகலும், தும்பிக்கை குட்டையாகும். கணினியில் ஒரே வரைவைப் பெருக்கியும் சுருக்கியும் எல்லா அளவுக்கும் பயன்படுத்துகிறோம்; எட்டுப் பாயிண்டில் மெல்லிய கோடுகள் திரையில் கரைந்து, குச்சிகள் மட்டும் நின்று, பக்கம் வேலி போலத் தெரிகிறது. பழைய மாதிரிப் புத்தகத்தில் எட்டுப் பாயிண்ட் வரியையும் இருபத்துநான்கு பாயிண்ட் வரியையும் ஒரே உயரத்துக்குப் பெரிதாக்கி அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கேஸிலிருந்து வந்தவை என்று சொல்லத் தோன்றாது. மாறுபடும் எழுத்துரு நுட்பத்தில் இந்த இரண்டு முனைகளையும் வரைந்து நடுவில் உள்ளதைக் கணக்கிடவிடலாம். அதற்கு மாதிரிப் புத்தகத்தின் பெரிய வரிகளைவிட, யாரும் பார்க்காமல் புரட்டிவிடும் சின்ன வரிகளைத்தான் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும்.